விளைச்சல் இல்லாதவன் எதற்கு நன்றி கூறுவது?



நலன்புரி நிலையமொன்றில் ஞாயிறு பூசை முடிந்தபின் வயோதிபத் தாயொருவர் என்னிடம் கேட்டார்: "சுவாமி, காணியும் போச்சு, விதைநெல்லும் போச்சு. இனி எதுக்கு நான் நன்றி சொல்ல வேணும்?" உடனே என்னால் பதில் கூற முடியவில்லை. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுள் இன்னும் தம் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் இது வாழும் கேள்வியே. ஆகவே, வழிபாடும் நன்றியும் எதற்காக என்பதைச் சற்று ஆராய்வோம்.

இறைவனுக்குத் தேவையா?

நமது புகழ்ச்சியினால் இறைவனின் பெருமை கூடுவதில்லை. நாம் மௌனமாக இருந்தால் குறைவதுமில்லை. வழிபாடு அவருக்குச் செலுத்தும் வரியன்று. காணிக்கை கொடுத்து மழையை வாங்கும் வியாபாரமும் அன்று. நல்லவன் வயலிலும் தீயவன் வயலிலும் மழை பெய்கிறது. வழிபாட்டினால் மாற வேண்டியவர்கள் நாமே. நமது உயிரும் நிலமும் நம் கையால் மட்டும் ஆனவை அல்ல என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

முதற்பலனின் பாடம்

தைப்பூசத்தன்று புதிரெடுக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். இஸ்ராயேல் மக்களிடமும் முதற்பலன் காணிக்கை இருந்தது. இணைச்சட்டம் 26ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கூடையுடன் வரும் விவசாயி தன் விளைச்சலின் பெருமையை முதலில் பேசுவதில்லை. தன் மூதாதையர் அலைந்து திரிந்ததையும், எகிப்தில் அடிமைப்பட்டதையும், அவர்களது கூக்குரலை இறைவன் கேட்டதையும் சொல்கிறான். அதன்பின், தன்னிடையே வாழும் அந்நியனுடனும் சேர்ந்து மகிழுமாறு பணிக்கப்படுகிறான். நன்றி கூறுவதென்றால் பட்ட துன்பத்தை மறப்பதல்ல. அதை இறைவன் முன் சொல்வதும் நன்றியின் பகுதியே.

அழுகையும் வழிபாடே

கி.மு. 587ஆம் ஆண்டளவில் எருசலேம் ஆலயம் அழிக்கப்பட்டு, மக்கள் பலர் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நிலமும் இல்லை, ஆலயமும் இல்லை. ஆயினும் அவர்களது வழிபாடு நின்றுவிடவில்லை. திருப்பாடல்களுள் பல, 'ஏன்?' என்று இறைவனிடமே முறையிடுகின்றன. அந்தத் தாயின் கேள்வியும் ஒரு செபமே.

எதற்கு நன்றி கூறத் தேவையில்லை?

நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருள் 'நன்றி கூறுதல்' என்பதாகும். இயேசு அப்பத்தை எடுத்து நன்றி கூறியது செழிப்பான நாளிலன்று. தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். அவர் கொடுமைக்கு நன்றி கூறவில்லை; தம்மைக் கைவிடாத தந்தைக்கே நன்றி கூறினார். அவ்வாறே, போருக்கும் இடப்பெயர்வுக்கும் நாம் நன்றி கூற வேண்டியதில்லை. அவை மனிதர் செய்த அநீதிகள். இறைவனின் கொடைகள் அல்ல. பறிபோன காணியை நியாயமாகக் கேட்பது நன்றியின்மையும் அல்ல. நீதியில்லாத திருவிழாக்களை இறைவன் வெறுக்கிறார் என்று ஆமோஸ் இறைவாக்கினர் கண்டித்ததை மறக்கலாகாது.

பீடத்தில் தானியத்தை அப்படியே வைப்பதில்லை. அரைத்து, பிசைந்து, சுட்ட அப்பத்தையே வைக்கிறோம். அதில் மண்ணின் விளைவோடு மனிதரின் உழைப்பும் இருக்கிறது. இன்று பிறர் வயலில் கூலிக்கு நாற்று நடும் கைகளும் அந்தப் பீடத்துக்கு உரியவையே.

பகிர்வில் முடியும் வழிபாடு

கி.பி. 155ஆம் ஆண்டளவில் புனித யுஸ்தீன் தம் காலத்து ஞாயிறு வழிபாட்டை விவரித்துள்ளார். அங்கு சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், ஊர்விட்டு வந்து தங்கியோர் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. அதாவது, நம்மைப் போன்றோர் ஆரம்பத்திலிருந்தே வழிபாட்டின் நடுவில் இருந்திருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

1. வாரத்தில் ஒருநாள் குடும்பமாக அமர்ந்து, விட்டுவந்த ஊரையும் வயலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிச் செபிப்போம்.

2. அந்த வாரத்தில் உதவிய ஒருவரை நினைத்து நன்றி கூறுவோம். அவர் வேற்று மதத்தவராயினும் சரி.

3. கொட்டில் ஓரத்தில் காய்க்கும் முதல் கத்தரிக்காயை அயலவருடன் பகிர்வோம். அதுவும் முதற்பலனே.

அந்தத் தாய்க்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "அம்மா, கூடை வெறுமையாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். உங்கள் கதையும் கண்ணீரும் அதற்குள் இருக்கட்டும். இறைவன் அதையும் ஏற்றுக்கொள்வார்."