குன்றிமணிக்கும் சிறிய கணக்கு

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்கள் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிவதில்லை. வீட்டுப் பட்டறையில் புது வெடிமருந்தும் குண்டும் ஏற்றி மறுபடி பயன்படுத்துகிறார்கள். இதில் கை நடுங்கவைக்கும் வேலை, மருந்தை அளப்பது.

அளவுக்குப் பெயர் கிரெய்ன். தானிய மணியிலிருந்து பிறந்தது; 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்னை மில்லிகிராமில் சொன்னால் ஏறத்தாழ 64.8. நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி இதைப்போல் இரு மடங்குக்குச் சற்றே குறைவு. இந்தப் போட்டியாளர்களுக்கோ ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் மனசு கேட்காது.

கைப்பிடியை ஏற்றி இறக்கினால் ஒரே அளவு மருந்தைக் கொட்டும் உருளைக் கருவி வேகமானது. ஆனால் அது அளப்பது எடையை அல்ல, கொள்ளளவை. படி போட்டு நெல் அளப்பதைப் போல. உருண்டை மணிகளாக உள்ள மருந்து தண்ணீராய் வழியும். குச்சி குச்சியாக உள்ளதோ முரண்டு பிடிக்கும்: உருளையின் விளிம்பில் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படும், குழாயில் அடைத்துக்கொள்ளும். அதனால் குச்சி மருந்துக்காரர்கள் உருளையைச் சற்றுக் குறைவாகக் கொட்டவைத்து, மீதியைத் தராசுத் தட்டில் டிரிக்லர் என்னும் சிறு குழாயைச் சுழற்றிச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறார்கள்.

எந்தத் தராசு? மலிவான டிஜிட்டல் தராசுக்கு மின்விசிறிக் காற்றும் ஆகாது, நிலைமின்சாரமும் ஆகாது. சூடேறும்வரை எண் நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய கோல் தராசுக்கு மின்சாரமே வேண்டாம். ஓஹாஸ் நிறுவனம் ஆர்சிபிஎஸ் என்னும் மறுநிரப்புக் கருவி நிறுவனத்துக்காகச் செய்த 5-0-5 கோல் தராசில், கோலின் நுனித் தகடு காந்தங்களுக்கு நடுவே அசையும். அதில் எழும் சுழல் மின்னோட்டமே ஊசலாட்டத்தைச் சட்டென்று அடக்கிவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு மலிவு டிஜிட்டலைவிட இத்தகைய கோல் தராசே மேல். எதை வாங்கினாலும் சரிபார்ப்பு எடைக்கற்களையும் சேர்த்து வாங்க வேண்டும்.

ஆனால் தராசு காட்டிக்கொடுக்காத தவறு ஒன்று உண்டு. .38 ஸ்பெஷல் என்னும் கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடு கருமருந்துக் காலத்தது. உள்ளே இடம் அதிகம். இன்றைய புகையில்லா மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். கவனம் சிதறி இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது. சுடும்போது கைத்துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். அதனால்தான் அனுபவசாலிகள் நிரப்பிய கூடுகளைப் பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, குண்டைப் பொருத்துமுன் டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார்கள். மற்றவற்றைவிட மட்டம் உயர்ந்து தெரியும் கூடு, உடனே தட்டில் கவிழ்க்கப்படும்.