உறங்கும் வைரசு

நமது தோலின் கலத்திலும் கண்ணின் கலத்திலும் இருப்பவை ஒரே பரம்பரையலகுகள்தாம். அப்படியிருந்தும் தோல் பார்ப்பதில்லையே, ஏன்? ஒவ்வொரு கலத்திலும் தேவையானவை மட்டும் இயங்க, ஏனையவை அடங்கியிருக்கின்றன. அவற்றை அடக்குவது எது? இக்கேள்விக்குக் கிடைத்த முதல் விடைகளுள் ஒன்றைத் தந்தது, பற்றீரியாவைத் தாக்கும் ஒரு வைரசு. இத்தகைய வைரசுகளைப் ‘பேஜ்’ என்பர்.

லம்டா எனப்படும் பேஜை ஈ. கோலை பற்றீரியாவில் கண்டுபிடித்து 1951இல் அறிவித்தவர் அமெரிக்க விஞ்ஞானி எஸ்தர் லெடர்பேர்க். (பற்றீரியா ஆய்வுக்காக 1958இல் நோபல் பரிசு பெற்றோருள் அவருடைய கணவர் இருந்தார், எஸ்தர் இல்லை.) பற்றீரியாவுக்குள் புகுந்த லம்டாவுக்கு இரண்டு வழிகள் உண்டு. உடனே பெருகி, நூறளவிலான புதிய வைரசுகளாகக் கலத்தை உடைத்து வெளியேறலாம். அல்லது தன் டி.என்.ஏயைப் பற்றீரியாவின் டி.என்.ஏயோடு இணைத்துவிட்டு உறங்கலாம். உறங்கும் பேஜ், பற்றீரியா பிளவுறும்போதெல்லாம் சத்தமின்றிப் படியெடுக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் அந்திரே லுவோஃப் குழுவினர், உறங்கும் பேஜைக் கொண்ட வேறோர் இனப் பற்றீரியாமீது 1950இல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினர். சற்று நேரத்தில் பற்றீரியாக்கள் வெடித்துச் சிதற, கலங்கியிருந்த வளர்ப்புத் திரவம் தெளிந்துபோயிற்று. உறங்கியவை விழித்துவிட்டன!

அதே நிறுவனத்தின் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மொனோ இருவரும் இதில் ஓர் ஒற்றுமையைக் கண்டனர். பாற்சீனியைச் சமிக்க உதவும் பரம்பரையலகுகள் பாற்சீனி இல்லாதபோது அடங்கியிருப்பதும், பேஜ் உறங்குவதும் ஒரே முறையில்தான். ஓர் அடக்கிப் பொருளே இரண்டுக்கும் காரணம் என்றனர். மூவருக்கும் 1965இல் நோபல் பரிசு கிடைத்தது. லம்டாவின் அடக்கியை 1967இல் மார்க் ப்டாஷ்னே பிரித்தெடுத்தார். அது ஒரு புரதம்; டி.என்.ஏயின் குறித்த இடத்தில் நேரடியாக ஒட்டிக்கொண்டு, பேஜின் பரம்பரையலகுகளை இயங்கவிடாமல் தடுக்கிறது. புற ஊதாக் கதிரால் பற்றீரியாவின் டி.என்.ஏ சேதமுற்றால் அப்புரதம் துண்டாகிவிடும். குடியிருந்த வீடு தீப்பற்றியதும் வெளியேறுபவனைப் போலப் பேஜ் புறப்பட்டுவிடும்.

இது ஆய்வுகூடத்தோடு நின்றுவிடும் கதையன்று. ஓ157 போன்ற சில ஈ. கோலை வகைகள் ஷிகா என்னும் கொடிய நச்சை உண்டாக்கி, இரத்தங் கலந்த வயிற்றோட்டத்தை ஏற்படுத்துகின்றன; சில பிள்ளைகளின் சிறுநீரகங்களும் பாதிக்கப்படுகின்றன. அந்த நச்சுக்கான பரம்பரையலகு, பற்றீரியாவினுள் உறங்கும் லம்டா போன்ற பேஜினுடையது. டி.என்.ஏயைச் சேதப்படுத்தும் சில நுண்ணுயிர்க்கொல்லிகள் அந்தப் பேஜை எழுப்பிவிடக்கூடும். இக்கிருமியெனச் சந்தேகம் எழுந்தால் வைத்தியர்கள் அம்மருந்துகளைத் தரத் தயங்குவது இதனால்தான்: கிருமியைக் கொல்லக் கொடுக்கும் குளிசையே நச்சைப் பெருக்கிவிடலாம்.