பள்ளி மன்றங்களும் மாணவர் ஆளுமையும்

பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மாணவ மாணவியரின் வயது பெரும்பாலும் பதினேழு. இன்னும் ஓராண்டில் அவர்கள் வாக்காளர்களாகிவிடுவர். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர், பள்ளியின் கடைசி வகுப்புக்கும் வாக்குச் சாவடிக்கும் இடையிலுள்ள தொலைவு மிகவும் சுருங்கிவிட்டது. கூடிப் பேசி முடிவெடுக்கவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும், பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டவும் இந்த இளைஞர்கள் எங்கே பழகுகின்றனர்? பாடநூலில் குடிமையியல் உண்டு. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்தக் குறையை நிறைவு செய்யும் இடமே பள்ளி மன்றம்.

வல்லுநர்கள் வகுத்த நெறி

இக்கருத்து புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் தலைமையில் 1952-இல் இடைநிலைக் கல்வி ஆணையம் அமைக்கப்பட்டது. மக்களாட்சிக்கு ஏற்ற குடிமக்களை உருவாக்குதல், தொழில்திறன் அளித்தல், ஆளுமையை வளர்த்தல், தலைமைப் பண்பை ஊட்டுதல் ஆகியவற்றை இடைநிலைக் கல்வியின் குறிக்கோள்களாக அது வரையறுத்தது. 1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி ஆணையம் சமூகத் தொண்டும் செயல்வழி அனுபவமும் கல்வியின் பிரிக்கவியலாத கூறுகள் என்று வலியுறுத்தியது. பாடத்துக்கும் பாடத்துக்குப் புறம்பான செயல்களுக்கும் இடையே கறாரான வேலி கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது.

மூவகைப் பயிற்சி

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. 1985-இல் அது மேல்நிலைப் பள்ளிகளையும் எட்டியது. இதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்றுவதோடு, ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்கின்றனர். முகாமில் ஒருவர் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டுகிறார். ஒருவர் சமையலுக்குப் பொறுப்பேற்கிறார். ஒருவர் வரவு செலவு எழுதுகிறார். தெருவைத் துப்புரவு செய்வதைக் காட்டிலும், பிறரோடு ஏழு நாள் உண்டு உறங்கி உழைக்கும் அனுபவமே அவர்களுடைய மனத்தை அதிகமாக மாற்றுகிறது.

இளைஞர் நாடாளுமன்றம் வேறு வகைப் பயிற்சி. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-இல் தில்லிப் பள்ளிகளில் இதனைத் தொடங்கியது. அவைத் தலைவர், அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் எனப் பொறுப்பேற்று, மாணவர் வினா நேரத்தையும் விவாதத்தையும் நடத்திக் காட்டுகின்றனர். தமக்கு உடன்பாடில்லாத கட்சிக்காகவும் வாதாட நேரும்போது, எதிராளியின் பக்கத்திலும் நியாயம் இருக்கக்கூடும் என்பதை மாணவர் உணர்கின்றனர்.

மூன்றாவது வகை, 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயது வரையுள்ளோர் தம் ஊரின் குடிநீர், மண், குப்பை போன்ற சிக்கல்களை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை அளிக்கலாம். கேள்விப்பட்டதை அப்படியே நம்பாமல் அளந்து பார்க்கும் பழக்கத்தை இம்முயற்சி வளர்க்கிறது.

இயல்புகள் பலவிதம்

மன்றம் என்றாலே மேடைப் பேச்சு என்று கருதும் வழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. சரளமாகப் பேசும் ஒரே மாணவரே செயலாளராகவும், நிகழ்ச்சித் தொகுப்பாளராகவும், போட்டிகளில் பள்ளியின் பிரதிநிதியாகவும் ஆகிவிடுகிறார். வகுப்பில் வாய் திறவாத மாணவர் கடைசி வரிசையில் கைதட்டுபவராகவே பள்ளியை விட்டு வெளியேறுகிறார். மாணவியர் பலருக்கு வரவேற்புப் பாடலும் கோலமும் மட்டுமே ஒதுக்கப்படுகின்றன.

இளமைப் பருவத்தில் இயல்பு இறுகிப்போன ஒன்றன்று. கூச்சமுள்ள ஒருவரிடம் கணக்கேட்டை ஒப்படைத்தால், அவருடைய நேர்த்தி வெளிப்படுகிறது. முன்கோபம் உள்ளவரை முகாமின் உணவுப் பொறுப்பில் அமர்த்தினால், பலருடைய குறைகளைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை கைவரக்கூடும். எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பவர் நடவடிக்கைக் குறிப்பு எழுதும்போது பிறர் பேச்சைக் கேட்கக் கற்கிறார். 'இவன் இப்படித்தான்' என்று முத்திரை குத்தாமல், ஒவ்வொருவரும் வளர வேண்டிய திசையை அறிந்து பொறுப்பளிப்பதே வழிகாட்டி ஆசிரியரின் கடமையாகும்.

தேர்வின் நிழல்

மன்றங்களால் மிகுந்த பயன்பெறத்தக்க கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் அவற்றின் கதவுகள் சாத்தப்படுகின்றன. பொதுத்தேர்வும் நுழைவுத் தேர்வும் தனிப்பயிற்சியும் மாணவரின் மாலை நேரத்தை விழுங்கிவிடுகின்றன. சான்றிதழுக்காக மட்டும் பெயர் கொடுக்கும் போக்கும் இருக்கிறது. பண்புகளுக்கு மதிப்பீடு அளித்தால் நிலைமை மாறும் என்ற எதிர்பார்ப்புடன், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையை 9, 10 வகுப்புகளில் புகுத்தியது. 2017-18 கல்வியாண்டில் அது கைவிடப்பட்டது. மனப்பான்மைக்கும் விழுமியங்களுக்கும் தரக்குறியீடு இடத் தொடங்கினால், பண்பை வளர்க்கும் பணி பதிவேட்டை நிரப்பும் பணியாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு என்பதை மறத்தலாகாது.

செய்யத் தக்கவை

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையை மன்றங்களுக்கென ஒதுக்கி, தேர்வு நெருங்கும் வரை அதனை விட்டுக்கொடுக்காதிருத்தல் முதற்படி. பொறுப்புகளைப் பருவத்துக்கு ஒருமுறை சுழற்சியில் மாற்றுதல் இரண்டாவது. மன்றத்தின் வரவு செலவை உறுப்பினர் அனைவர் முன்னிலையிலும் படித்து ஒப்புதல் பெறுதல் மூன்றாவது. பதினோராம் வகுப்பினர் பதவிகளை வகிக்க, பன்னிரண்டாம் வகுப்பினர் ஆலோசகராக நின்று அவர்களைப் பழக்கலாம். அதனால் தேர்வுச் சுமையும் குறையும். பொறுப்பை உரிய காலத்தில் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் பண்பும் வளரும்.

மதிப்பெண் பட்டியல் மாணவரைக் கல்லூரி வாயில் வரை கொண்டு சேர்க்கும். அதற்கு அப்பால் அலுவலகத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், ஊராட்சியிலும் பிறரோடு இணைந்து பணியாற்ற வேண்டியவர்கள் அவர்கள். அதற்கான முதற்பயிற்சியைப் பள்ளியிலேயே பெறும் வாய்ப்பு, மேடையேறும் சிலருக்கு மட்டுமன்றி, கடைசி வரிசையில் அமர்ந்திருப்போருக்கும் கிடைத்தல் வேண்டும்.