பெற்றவள் மீது பழி வேண்டாம்

குழந்தை எடை குறைந்து பிறந்தால், "வயிறார உண்டாளா, மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாளா?" என்று பெற்றவளையே முதலில் விசாரிப்பது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. போஷாக்குக் குறைவும் ஒரு காரணமாகலாம் என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும் கருவிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பலருக்குக் குறை தாய் உண்ட இலையில் அன்று, நஞ்சுக்கொடியின் இரத்த நாளங்களிலேயே இருக்கிறது.

நிறைமாதத்தில் ஏறத்தாழ 500 கிராம் எடையுள்ள அவ்வுறுப்பில், தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் ஒன்றோடொன்று கலவாமல், மெல்லிய சவ்வின் இருபுறமும் ஓடியவாறே பிராணவாயுவையும் சத்துக்களையும் பரிமாறிக்கொள்கின்றன. இதற்கென்றே கர்ப்பத்தின் முற்பாதியில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளின் தசையை அகற்றி, அவற்றை அகன்ற வாய்க்கால்களாக மாற்றுகின்றன. அம்மாற்றம் அரைகுறையாக நின்றுவிட்டால் தமனிகள் குறுகியே இருந்துவிட, வரும் இரத்தமும் போதாமற் போகிறது. தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுவதற்கும் பல சமயங்களில் இதுவே பூர்வாங்கம். கடுமையான நிலையில், சேயின் பக்கத்திலும் அடர்ந்து கிளைக்க வேண்டிய நுண்நாளங்கள் கிளை குறைந்து, மெலிந்து நீண்டுவிடுவதால், குழந்தையின் இதயம் தொப்புள்கொடி வழியே அனுப்பும் இரத்தத்துக்கு எதிர்ப்பு மிகுகிறது. நோய் முற்றினால் இரு துடிப்புகளுக்கு இடையே ஓட்டம் அறவே நின்றுவிடும். சில வேளை பின்னோக்கியும் பாயும்.

இதை வெளியிலிருந்தே காட்டவல்லது டாப்ளர் ஸ்கேன். ஆறாம் மாதம் முதல் ஒவ்வொரு பரிசோதனையிலும் வயிற்றை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். அளவு பின்தங்கினால் டாப்ளர் தேவையா என்று கேளுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது சிசு ஆணா பெண்ணா என்று வெளியிடுவதையே; வளர்ச்சியையும் இரத்த ஓட்டத்தையும் பற்றி விளக்கம் கேட்பதை அன்று. கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனை, மருந்து, இரத்தம், வாகனம் ஆகியவற்றை இலவசமாக அளிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. கேட்டவளைக் கடிந்துகொள்ள எவருக்கும் அதிகாரம் இல்லை.

சுருங்கிய நாளத்தை விரிக்கும் நம்பகமான மருந்து இன்னும் கிட்டவில்லை. சில்டெனாபில் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு, சிசுக்களின் நுரையீரலுக்கு நேர்ந்த அபாயத்தால் 2018இல் நிறுத்தப்பட்டது. இரு மடங்கு உண்பதும் படுத்தே கிடப்பதும் இதைச் சீர்செய்யா. அடிக்கடி கண்காணித்து, தேவையானால் நுரையீரல் முதிர ஊசி போட்டு, உரிய வேளையில் பிரசவிக்கச் செய்வதே இன்றுள்ள பரிகாரம். சிசுவின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் பார்ப்போம் என்று இருந்துவிடாமல், 108ஐ அழைத்தேனும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிரசவமானதும் நஞ்சுக்கொடி பெரும்பாலும் மஞ்சள் பையில் இடப்பட்டு அகற்றப்பட்டுவிடும். வளர்ச்சி குன்றிய குழந்தையாயின், அதற்குமுன்பே அதை நோய்க்கூறு பரிசோதனைக்கு அனுப்புமாறு வேண்டிக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்திலும் இக்குறை திரும்பக்கூடும். ஆஸ்பிரின் தேவைப்படுவோர்க்கு மருத்துவர் அதைப் 16ஆம் வாரத்துக்குள் தொடங்கினாலே முழுப் பலன் உண்டாதலால், அந்த அறிக்கையை அடுத்த முறை முதற் பரிசோதனையிலேயே எடுத்துக் காட்டுவது அவசியம்.