கல்விச் சபை உறுப்பினரும் தேர்தல் அரசியலும்: தருமபுரி, டொராண்டோ – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளியை நிருவகிக்கும் அவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கல்விச் சபை உறுப்பினர் பொதுமக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அப்பதவி அரசியல் வாழ்வின் முதற்படியாகவும் அமைகிறது. தமிழ்நாட்டில் அதற்கு நிகரான பதவி இல்லை. அப்பணி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினருக்கும் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. புலம்பெயர் தமிழரான நீதன் சாண் என்பாரின் தேர்தல் வரலாற்றையும் தருமபுரி மாவட்டத்தின் உள்ளாட்சிச் சூழலையும் ஒப்பிட்டு, தேர்தல்வழிப் பெற்ற கல்விப் பொறுப்பின் ஆற்றலையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்விச் சபை, பள்ளி மேலாண்மைக் குழு, வாரியம், உள்ளாட்சித் தேர்தல், தருமபுரி, புலம்பெயர் தமிழர்.

முன்னுரை

ஊரின் பள்ளியை ஆள்பவர் யார் என்னும் வினா எளிமையானதாகத் தோன்றும். ஆசிரியரை அமர்த்துபவர் ஒருவர், கட்டடம் எழுப்புபவர் ஒருவர், பாடத்திட்டம் வகுப்பவர் ஒருவர் எனப் பொறுப்புகள் பிரிந்து நிற்கையில் அவ்வினாவுக்கு விடை காண்பது அரிதாகிறது. தருமபுரி மாவட்டத்தில் இவ்வினா தனி அழுத்தம் பெறுகிறது. 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்திலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழக மாவட்டங்களுள் எழுத்தறிவில் இறுதி இடம் பெற்றது தருமபுரியே. அக்கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 68.5 விழுக்காடு. எனவே இங்குப் பள்ளியின் மீது மக்களுக்குள்ள பிடிமானம் எத்தகையது என்பது நிருவாக வினா மட்டுமன்று. வாழ்வியல் வினாவும் ஆகும்.

வாரியம், சபை, குழு: சொற்பொருள் நோக்கு

இவ்வாய்வுப் பொருளைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் பழமையானது ‘வாரியம்’. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழி உறுப்பினரைத் தேர்ந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றை அமைத்தமையைக் கூறுகின்றன. முப்பத்தைந்து முதல் எழுபது வரையிலான அகவை, நிலவுடைமை, கல்வி ஆகியன தகுதிகள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றோர். கல்விக்கெனத் தனி வாரியம் எதுவும் அக்கல்வெட்டுகளில் சுட்டப்படவில்லை. அம்முறை பிரமதேய ஊரொன்றின் சபைக்குரியது. அனைத்து மக்களுக்கும் உரியதன்று. ஆயினும் பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் கருத்து ‘வாரியம்’ என்னும் சொல்லோடு தொடக்கத்திலேயே இணைந்திருந்தமை நோக்கத்தக்கது.

கனடாவில் வாழும் ஈழத்தமிழரிடையே ‘கல்விச் சபை’ என்னும் வழக்கு வேரூன்றியுள்ளது. தமிழ்நாட்டு அரசாணைகள் ‘பள்ளி மேலாண்மைக் குழு’ என்கின்றன. ‘சபை’ என்பது கூடி முடிவெடுக்கும் அவையை உணர்த்துகிறது. ‘குழு’ என்பது ஒரு பணிக்கென அமர்த்தப்பட்ட சிலரை உணர்த்துகிறது. இச்சொல் வேறுபாடு இரு அமைப்புகளின் அதிகார வேறுபாட்டோடும் பொருந்தி நிற்கிறது.

டொராண்டோ: ஒரு கல்விச் சபை உறுப்பினரின் தேர்தல் வரலாறு

ஒன்ராறியோவில் நகராட்சித் தேர்தல் நாளன்றே கல்விச் சபை உறுப்பினருக்கும் வாக்களிக்கின்றனர். பதவிக்காலம் நான்காண்டு. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இடம்பெறாது. 1998இல் உருவான டொராண்டோ மாவட்டக் கல்விச் சபைக்கு 22 உறுப்பினர்கள் பொதுமக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தனர்.

இலங்கையில் பிறந்து இளமையில் கனடா சென்ற நீதன் சாண், தமிழ் இளைஞர் மேம்பாட்டுப் பணியிலிருந்து அரசியலுக்கு வந்தவர். 2006இல் டொராண்டோவை அடுத்த யோர்க் வட்டாரக் கல்விச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர்ப் புதிய சனநாயகக் கட்சியின் வேட்பாளராக 2011, 2014 ஆகிய ஆண்டுகளில் ஸ்கார்பரோ – ரூச் ரிவர் தொகுதியில் மாகாண சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 2015 கூட்டாட்சித் தேர்தலில் ஷான் சென் நாடாளுமன்ற உறுப்பினரானதால் டொராண்டோ கல்விச் சபையில் ஓர் இடம் வெற்றிடமாயிற்று. 2016 ஜனவரியில் நடந்த அதற்கான இடைத்தேர்தலில் நீதன் சாண் வென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 1இல் நடந்த மாகாண இடைத்தேர்தலில் அவர் மூன்றாமிடமே பெற்றார். அத்தேர்தலில் வென்ற ரேமண்ட் சோ நகரவைப் பதவியைத் துறந்ததால் அவ்விடத்துக்கு 2017 பிப்ரவரி 13இல் இடைத்தேர்தல் வந்தது. அதில் வென்று டொராண்டோ நகரவையின் முதல் தமிழ் உறுப்பினரானார் நீதன் சாண்.

2018இல் தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருக்கையிலேயே மாகாண அரசு நகரவை வட்டங்களின் எண்ணிக்கையை 25ஆகக் குறைத்தது. விரிந்த புதிய வட்டத்தில் போட்டியிட்ட நீதன் சாண், ஜெனிபர் மெக்கெல்வியிடம் 154 வாக்குகளில் தோல்வியுற்றார். 2022இல் மீண்டும் டொராண்டோ கல்விச் சபைக்குத் தேர்வாகிப் பின்னர் அதன் தலைவருமானார்.

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு புலனாகிறது. கட்சியின் பெயரால் நின்ற மேற்கண்ட மாகாணத் தேர்தல்களில் அவர் வெல்லவில்லை. கட்சிப் பெயர் இல்லாத கல்விச் சபை, நகரவைத் தேர்தல்களிலேயே வென்றார். பெரிய தொகுதியில் கட்சி அலையே முடிவைத் தீர்மானிக்கிறது. சிறிய வட்டத்தில் வாக்காளர் வேட்பாளரின் முகத்தையும் பணியையும் அறிந்திருக்கின்றனர். அங்கு வீடுவீடாகச் செல்லும் பரப்புரைக்குப் பயன் மிகுதி. குடியேறிய சமூகங்களுக்குக் கல்விச் சபை முதற்படியாவதன் காரணமும் இதுவே. இவ்வழியில் சென்றோர் அவர் ஒருவர் மட்டுமல்லர். யோர்க் வட்டாரக் கல்விச் சபையில் 2010 முதல் பணியாற்றிய யுவனிதா நாதன், 2022இல் மார்க்கம் நகரவைக்கும் 2025 ஏப்ரலில் கனடா நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார்.

ஆயினும் இப்படியின் உறுதி ஐயத்திற்குரியது. 1997இல் ஒன்ராறியோ அரசு கல்விச் சபைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கல்வி வரி விகிதத்தை முடிவுசெய்யும் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. 2025 ஜூனில் நிதி மேலாண்மையைக் காரணம் காட்டி டொராண்டோ உள்ளிட்ட சில கல்விச் சபைகளுக்கு மேற்பார்வையாளரை அமர்த்தியது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் முடிவெடுக்கும் அதிகாரம் அதனால் நின்றுபோயிற்று.

தருமபுரி: பிரிந்து கிடக்கும் பொறுப்பு

சென்னை மாகாணத்தில் கல்விக்கெனத் தனி உள்ளூர் அவை ஒருகாலத்தில் இருந்தது. 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டந்தோறும் மாவட்டக் கல்வி மன்றங்களை அமைக்க வழிசெய்தது. இன்றைய தருமபுரிப் பகுதி அன்று சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மன்றங்கள் பின்னர்க் கலைக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் வழி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகித் தொடக்கப் பள்ளிகளை ஏற்றன. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியர் மீதான அதிகாரம் அன்றே ஒன்றியத்தைவிட்டு நீங்கியது. எனினும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்னும் பெயர்ப்பலகை மட்டும் நிலைத்தது. உரிமை நீங்கிய பின்னும் பெயர் எஞ்சியிருப்பதற்கு இது தக்க சான்று.

உள்ளூர்ப் பொறுப்பிலிருந்து உயர்ந்த ஒருவரின் அரசியல் வாழ்வைக் கல்வி வினா முடிவுசெய்தமைக்கு இவ்வட்டார வரலாற்றிலேயே சான்றுண்டு. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராயிருந்தவர் இராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து இன்று கிருஷ்ணகிரியைச் சார்ந்துள்ளது. முதலமைச்சராக 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் செய்வதாக அமைந்தது. ‘குலக்கல்வித் திட்டம்’ எனக் கடும் எதிர்ப்பு எழுந்தது; 1954இல் அவர் பதவி விலகினார். ஊரார் தம் பள்ளியின் மீது நேரடி அதிகாரம் பெறாத காலத்திலும் பள்ளி பற்றிய முடிவு ஆட்சியையே அசைக்கவல்லது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 21ஆம் பிரிவின் வழிப் பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்கியது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் ஆசிரியரும் இடம்பெறுவர். பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்துப் பரிந்துரைத்தல், பெற்ற நிதியின் பயன்பாட்டைக் கவனித்தல் ஆகியன அதன் பணிகள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் 20 உறுப்பினருடன் மறுகட்டமைக்கப்பட்டன. அவர்களுள் 15 பேர் பெற்றோர், இருவர் உள்ளாட்சிப் பிரதிநிதிகள். 2024இல் முன்னாள் மாணவரையும் சேர்த்து 24 பேராக விரிவாக்கப்பட்டன.

இக்குழுவிற்குப் பெற்றோர் தம்முள் ஒருவரைத் தேர்கின்றனர். குழந்தை இல்லாதவரோ தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புபவரோ வாக்களிப்பதில்லை. எனவே ஊர் முழுமைக்கும் உரிய பொதுத்தேர்தல் வழிக் குழுவுக்குள் வருபவர் வார்டு உறுப்பினரே. தருமபுரி மாவட்டத்தின் 251 ஊராட்சிகளில் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை. ஒன்றிய, மாவட்ட வார்டுகளுக்கே கட்சிச் சின்னம் உண்டு. ஒன்ராறியோ கல்விச் சபைத் தேர்தலோடு ஊராட்சி வார்டுத் தேர்தல் இவ்வகையில் ஒத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. ஆகவே குழு, வார்டு ஆகிய இரு வாயில்களும் பெண்களுக்குத் திறந்துள்ளன. பள்ளிக் குழுவில் பேசிப் பழகிய தாய் ஒருவர் வார்டுக்கு நிற்க வாய்ப்புண்டு. எனினும் அவ்வழியை எந்தச் சட்டமும் வகுத்துத் தரவில்லை.

நிலவியலும் இங்குக் குறுக்கிடுகிறது. பென்னாகரம் வட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவுப் பொருள்கள் கழுதைகளின் மீது ஏற்றிச் செல்லப்பட்டமை நாளிதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களுக்கும் பள்ளி, பாதை, வாக்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பெங்களூரு, திருப்பூர் எனப் பிழைப்பு நாடிச் செல்லும் பெற்றோர் மாதக் கூட்டத்துக்கு வருதல் அரிது. குழுவில் அவர்தம் பெயர் இருந்தாலும் குரல் இருப்பதில்லை.

ஒப்பீடு: தொடர்ச்சியின்மை என்னும் இடர்

இரு அமைப்புகளையும் மூன்று நிலைகளில் ஒப்பிடலாம். முதலாவது, வாக்குரிமை. டொராண்டோவில் வட்டத்தின் வாக்காளர் அனைவரும் கல்விச் சபைக்கு வாக்களிக்கின்றனர். தருமபுரியில் பெற்றோரே குழுவைத் தேர்கின்றனர். பெற்றோருக்கு முதன்மை தருவது இம்முறையின் சிறப்பு. பள்ளியை ஊரின் பொதுப்பொருளாகக் கருதும் வாய்ப்பு குறைவது இதன் குறை. இரண்டாவது, அதிகாரம். கல்விச் சபை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. மேலாண்மைக் குழு பரிந்துரைக்கிறது. பரிந்துரை ஏற்கப்படாவிடில் குழு செய்யக்கூடியது மிகுதியாக இல்லை.

மூன்றாவது, தொடர்ச்சி. இதுவே இரண்டு இடங்களுக்கும் பொதுவான இடர். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின், தருமபுரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலேயே ஊரகத் தேர்தல் நடந்தது. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே பொறுப்பிலிருந்தனர். அத்தேர்தலில் வென்றோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிவுற, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். வார்டு உறுப்பினர் என்னும் தகுதி நீங்கியவுடன் பள்ளிக் குழுவில் மக்கள் பிரதிநிதிக்குரிய இடமும் பொருளிழக்கிறது. 2024 ஆகஸ்டில் விரிவாக்கப்பட்ட குழுக்கள் அரையாண்டுக்குள்ளாகவே இந்நிலையை எதிர்கொண்டன. அதே 2025இல் டொராண்டோவில் பதவி நீடித்தும் அதிகாரம் நீங்கியது. தருமபுரியில் பதவியே நீங்கியது. காரணங்கள் வேறு, ஊரார் தம் பள்ளி குறித்துக் கேள்வி கேட்கச் செல்லவேண்டிய ஆள் இல்லாமற்போனமை ஒன்றே.

முடிவுரை

கல்விச் சபை உறுப்பினர் பதவி சிறியது. ஆனால் சிறுபான்மைச் சமூகத்தவரும் பெண்களும் பொதுவாழ்வுக்குள் நுழைய அது வாயிலாகிறது என்பதை நீதன் சாண், யுவனிதா நாதன் ஆகியோரின் வரலாறுகள் காட்டுகின்றன. தருமபுரியில் அத்தகைய வாயில் பள்ளி மேலாண்மைக் குழு, ஊராட்சி வார்டு என இரண்டாகப் பிரிந்துள்ளது. குழுவில் மக்கள் கையில் பரிந்துரை உரிமை மட்டுமே உண்டு. வார்டில் வாக்கு உண்டு, பள்ளியின் மீதான அதிகாரம் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் காலந்தாழும்போது உள்ளாட்சிப் பிரதிநிதிக்குரிய இடத்தை நிரப்பும் மாற்றுமுறையை மேலாண்மைக் குழு விதிகளில் சேர்ப்பதும், குழுவின் வளர்ச்சித் திட்டத்தைக் கிராம சபையின் முன் வைப்பதும் இப்பிளவை ஓரளவு குறைக்கும். உத்திரமேரூர்ச் சபை கணக்குக் காட்டாதவரை வாரியத்திலிருந்து விலக்கியது. கணக்குக் கேட்கும் மக்களுக்கு விடைகூறவேண்டிய இடம் வெறுமையாக இருக்கலாகாது என்பது அதன் மறுபக்கமாக இன்று உணரவேண்டியதாகும்.