150 மீட்டருக்குள் மௌனப் பிரார்த்தனை குற்றமா?

கருக்கலைப்பு மருந்தகத்தை நோக்கி ஒரு பெண் நடந்து வருகிறாள். வாசலுக்கு எதிரே சிலர் நிற்கின்றனர். கையில் சிசுவின் படம், உதட்டில் ஜெபம். அவளை யாரும் தொடவில்லை, வழிமறிக்கவும் இல்லை. ஆயினும் அவள் தலை குனிகிறது. இதற்குச் சட்டம் தேவையா?

தேவை என்றது பிரிட்டன். லண்டனின் ஈலிங் நகராட்சி 2018-இல் தொடங்கி வைத்த தடை, 2024 அக்டோபர் 31 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான சட்டமாயிற்று. மருந்தகத்தைச் சுற்றி 150 மீட்டருக்குள் பெண்ணின் முடிவை மாற்ற முயல்வதும், அவளுக்கு மன உளைச்சல் தருவதும் குற்றம். அபராதத்திற்கு உச்சவரம்பில்லை. ஸ்காட்லாந்தில் எல்லை 200 மீட்டர்.

கருக்கலைப்புக்கு இடமளித்தது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். இரு மருத்துவர்கள் ஒப்பவேண்டும். பொதுவாக 24 வாரங்கள் வரைதான். சட்டம் தந்த அந்த உரிமையை வாசலில் நிற்பவர்கள் பறிக்கலாமா என்பது ஒரு சாராரின் கேள்வி. வாய் திறக்க முடியாத கருவுக்காக வேறு யார் பேசுவது என்பது மறு சாராரின் கேள்வி. இரண்டையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

போர்ன்மத் நகரில் 2022-இல், உள்ளூர்த் தடை எல்லைக்குள் ஒருவர் மௌனமாகப் பிரார்த்தித்தார். விலகச் சொல்லியும் விலகவில்லை. 2024-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. வழக்குச் செலவு 9,000 பவுன். மனத்துக்குள் நினைத்ததற்கா தண்டனை என்று பலர் கொதித்தனர்.

அமெரிக்காவிலோ, மாசசூசெட்ஸ் வகுத்த 35 அடி எல்லையை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்துசெய்தது. நடைபாதை எல்லாரும் பேசுவதற்கான இடமாம்!

மௌனப் பிரார்த்தனை தானாகவே குற்றமாகிவிடாது, சூழ்நிலையைப் பார்க்கவேண்டும் என்கிறது பிரிட்டிஷ் அரசு வழக்குத் துறையின் 2024 வழிகாட்டி. சும்மா நிற்கும் ஒருவர் என்ன செய்கிறார் என்பதை முதலில் கணிக்க வேண்டியவர், ரோந்து வரும் போலீஸ்காரர்தான்.