வகுப்பறையைத் தாண்டும் டிசைன்: வரைகலை மாணவர்கள் அறிய வேண்டிய உரிமைகள்

பெரியப்பா இனிப்புக் கடை திறக்கிறார். "நீதான் டிசைன் படிக்கிறியே, ஒரு லோகோவும் போர்டும் போட்டுக் குடும்மா" என்கிறார். விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாமாண்டு மாணவி பின்டரெஸ்டில் பிடித்த லோகோ ஒன்றை எடுத்து நிறம் மாற்றுகிறாள். எங்கிருந்தோ இறக்கிய தமிழ் ஃபான்ட்டில் கடைப் பெயரை அடிக்கிறாள். கூகுளில் கிடைத்த லட்டுப் படத்தை ஓரத்தில் வைக்கிறாள். இதையே வகுப்பில் பயிற்சியாகச் செய்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கடை வாசலில் ஃப்ளெக்ஸாகக் கட்டிய பிறகு சட்டம் அதை வேறு கண்ணால் பார்க்கும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52 மாணவருக்குச் சில சலுகைகள் தருகிறது. கற்பிக்கும்போதும் கற்கும்போதும் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுக்கலாம். சொந்த ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தலாம். வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலைக்கு இந்தச் சலுகை கிடையாது. செய்தவர் மாணவர், பணம் வாங்கவில்லை என்பதால் கடை போர்டு பாடமாகிவிடாது.

எது ஊக்கம், எது நகல்?

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அதை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு. ஒரு நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இடையே எழுந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கோலத்தின் புள்ளிகளை வைத்து லோகோ போடலாம் என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை. இன்னொருவர் அப்படி வரைந்த குறிப்பிட்ட லோகோ அவருக்குச் சொந்தம். நிறத்தை மாற்றினாலும், இடவலமாகத் திருப்பினாலும் அது நகல்தான். "முப்பது சதவீதம் மாற்றினால் போதும்" என்று டிசைன் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. சட்டத்தில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை.

அனுபவசாலிகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்காக கென்ஜிரோ சானோ வடிவமைத்த சின்னம், பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடக அரங்கின் லோகோவைப் போல இருப்பதாக 2015-இல் புகார் எழுந்தது. சானோ மறுத்தார். ஆனால் அவருடைய மற்ற வேலைகளைப் பலரும் துருவ ஆரம்பித்தார்கள். ஒரு விளம்பரப் பணிக்காக அவரது அலுவலகம் பிறர் படங்களை அனுமதியின்றி எடுத்திருந்ததை அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-இல் சின்னம் திரும்பப் பெறப்பட்டது.

உரிமம் எங்கே இடறும்?

ஃபான்ட்: இலவசமாக இறங்கும் பல எழுத்துருக்களுடன் "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற நிபந்தனையும் வருகிறது. கூடவே இறங்கும் உரிமக் கோப்பை நாம் திறந்தே பார்ப்பதில்லை.

படம்: கூகுள் தேடலும் பின்டரெஸ்டும் படம் இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன, உரிமம் தருவதில்லை. அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ் போன்ற தளங்கள் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கின்றன. ஆனாலும் படத்தில் உள்ள மனிதரின் சம்மதமும், அதில் தெரியும் நிறுவனச் சின்னத்தின் உரிமையும் தனி விஷயங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ்: 'பிஒய்' என்றால் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றி வெளியிடக் கூடாது. 'எஸ்ஏ' என்றால் நீங்கள் அதிலிருந்து செய்ததையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

டெம்ப்ளேட்: கேன்வாவின் ஆயத்த வடிவத்தில் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய அந்தத் தளத்தின் விதிகள் இடம் தருவதில்லை. அதே படத்தை எதிர்க்கடைக்காரரும் எடுக்கலாம் என்பதே காரணம். பெரியப்பாவின் கடை வளர்ந்தபின் இது பெரிய தலைவலியாகும்.

க்ராக் மென்பொருள்: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது பிரிவு 63பி-யின்படி குற்றம். தண்டனை 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாவிட்டால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. க்ராக் கோப்போடு வைரஸும் வரலாம் என்பது தனி ஆபத்து.

அச்சமின்றி எடுக்கக் கூடியவை

கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை. போர்டு, பத்திரிகை, பெட்டி என எதிலும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மென்பொருளில் இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் நான்கும் இலவசம். வணிக வேலைக்கும் தடையில்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும், ஸ்மித்சோனியன் 2020-இலும் லட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவில் வைத்தன. விக்கிமீடியா காமன்ஸிலும் ஏராளம் உண்டு. அங்கே ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

நம் ஊர்ப் பழைய படங்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. இந்தியாவில் ஓவியரின் ஆயுளும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். 1906-இல் மறைந்த ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள் இன்று பொதுச்சொத்து. 1976-இல் மறைந்த கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் ஓவியங்களுக்கு 2036 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. இரண்டுமே பூஜையறையில் மங்கிய சாமி படங்களாகத்தான் நமக்குத் தெரிகின்றன.

நீங்கள் வரைந்தது உங்களுடையது

மாணவருக்குச் சட்டம் போடும் கட்டுப்பாடு பாதி. தரும் உரிமை மீதிப் பாதி. வரைந்த கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பதிந்தால் வழக்கில் சான்றாகும். ஓவியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். வணிகப் பொருள்களுக்குப் பயன்படும் லோகோ போன்றவற்றுக்கு 2,000 ரூபாய்.

ஒரு நிறுவனத்தில் ஊழியராகவோ தொழில் பழகுநராகவோ இருந்து செய்த வேலைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே உரிமையாளர். வெளியிலிருந்து செய்துகொடுக்கும் லோகோவின் உரிமை கையெழுத்திட்ட எழுத்து மூலம்தான் கைமாறும் என்கிறது பிரிவு 19. அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்ற பிறகும், "இதைப் படைத்தவர் நான்" என்று சொல்லும் உரிமையைப் பிரிவு 57 காப்பாற்றித் தருகிறது.

நைக்கி நிறுவனத்தின் 'டிக்' சின்னத்தை 1971-இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன். போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிசைன் மாணவி. கூலி 35 டாலர். 1983-இல் நிறுவனம் பங்குகளும் மோதிரமும் கொடுத்து அவரைக் கௌரவித்தது. அது அவர்களுடைய பெருந்தன்மை. எல்லா வாடிக்கையாளரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

சிக்கல் வந்தால்

உங்கள் டிசைனை யாரோ இணையத்தில் போட்டால்: அசல் கோப்பு, தேதியுள்ள மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றோடு அந்தத் தளத்துக்கு எழுத்துபூர்வமாகப் புகார் அனுப்புங்கள். பதிப்புரிமை விதிகள், 2013-இன்படி, சரியான புகாரை ஏற்ற தளம் 36 மணி நேரத்துக்குள் அந்த நகலை யாரும் அணுக முடியாதபடி செய்ய வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை பெறாவிட்டால் அது மீண்டும் வரலாம். வழக்கை நீங்கள் வசிக்கும் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கப் பிரிவு 62 வழி தருகிறது.

பணம் வராவிட்டால்: தொடர்ந்து வேலை எடுப்பவர்கள் சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முதலிலேயே செய்துகொள்வது நல்லது, அது இலவசம். பதிந்த குறுந்தொழிலுக்கு 45 நாளைத் தாண்டித் தவணை பேச முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். புகாரை அதற்கான அரசு இணையதளத்தில் பதியலாம்.

வேலை தர முன்பணம் கேட்டால்: மோசடி என்றே கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

உங்களுக்கே நோட்டீஸ் வந்தால்: டிசைனை இறக்கிவிட்டு, உரிமக் கோப்பையும் ரசீதையும் தேடி எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். தெரிந்தே மீறியது நிரூபணமானால் பிரிவு 63 ஆறு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை.

இவற்றில் பாதித் தகராறு வராமலிருக்க, அட்வான்ஸ் வாங்கும் முன் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள்: "கட்டணம் இவ்வளவு, திருத்தம் இரண்டு முறை, முழுப் பணமும் வந்தபின் கடைக்குப் பயன்படுத்த அனுமதி, ஓப்பன் ஃபைலுக்கும் முழு உரிமைக்கும் தனிக் கட்டணம், தனி ஒப்பந்தம், என் வேலைத் தொகுப்பில் இதைக் காட்டிக்கொள்வேன்." பெரியப்பாவாக இருந்தாலும் அனுப்பலாம்.